மரத்தில் சாய்ந்து கிடந்த 1882 துப்பாக்கி: பழைய லீவர் ஆக்‌ஷன் ரைஃபிளின் வயதையும் விலையையும் எப்படி கண்டுபிடிக்கிறார்கள்?

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உள்ள கிரேட் பேசின் தேசியப் பூங்கா. 2014 நவம்பர் மாதம். தொல்லியல் ஆய்வுக்காக மலைப்பகுதியில் நடந்துகொண்டிருந்த பூங்கா ஊழியர்களின் கண்ணில், ஒரு ஜூனிபர் மரத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்த நீளமான ஏதோ ஒன்று பட்டது. கிட்டே போய்ப் பார்த்தால், துப்பாக்கி! மரக்கட்டை வெயிலிலும் பனியிலும் வெளுத்து, விரிசல் விட்டு, அந்த ஜூனிபர் மரத்தின் நிறத்துக்கே மாறியிருந்தது. அடிப்பகுதி மண்ணில் புதைந்திருந்தது. இரும்பெல்லாம் துரு. 'இதோ வந்துடறேன்' என்று யாரோ சாய்த்து வைத்துவிட்டுப் போனவர், திரும்பி வரவே இல்லை.

துப்பாக்கியில் 'மாடல் 1873' என்ற எழுத்து தெரிந்தது. அதாவது வின்செஸ்டர். அடிப்பக்கம் இருந்த வரிசை எண்ணை வயோமிங் மாநிலம் கோடி நகரில் இருக்கும் துப்பாக்கி அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த கம்பெனியின் பழைய பேரேட்டில் விடை கிடைத்தது: 1882-ல் செய்தது. யாருக்குப் போனது, எந்த ஊருக்குப் போனது என்பது மட்டும் அந்தப் பேரேட்டில் இல்லை.

கதை அத்தோடு முடியவில்லை. பழுது பார்ப்பதற்கு முன் துப்பாக்கியை எக்ஸ்ரே எடுத்தபோது, பின்கட்டைக்குள் துப்புரவுக் கம்பி வைக்கும் பொந்தில் சுடப்படாத ஒரு தோட்டா இருப்பது தெரிந்தது. அந்தத் தோட்டா 1887-க்கும் 1911-க்கும் இடையில் தயாரான வகை. அப்படின்னா என்ன அர்த்தம்? 1882-ல் செய்த துப்பாக்கி, குறைந்தது 1887 வரைக்குமாவது யாரோ ஒருவர் கையில் இருந்திருக்கிறது.

ஒரு எழுத்து, ஒரு எண், ஒரு தோட்டா. பழைய லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள்களின் வயதைக் கண்டுபிடிக்கும் வேலை மொத்தமும் இந்த மாதிரி தடயங்களில்தான் ஓடுகிறது. அமெரிக்காவில் தாத்தா வீட்டுப் பரணிலிருந்து இப்படி ஒன்று கிடைப்பது சர்வ சாதாரணம். அது சில நூறு டாலர் பொருளா, பல ஆயிரம் டாலர் பொருளா என்று தெரியாமலேயே விற்றுவிடுகிறவர்கள் ஏராளம். விற்பதற்கு முன் 'பளபளவென்று' தேய்த்து வைத்து, தங்கள் கையாலேயே மதிப்பைக் கெடுத்துக்கொள்பவர்களும் உண்டு.

லீவர் ஆக்‌ஷன் என்றால் என்ன?

கௌபாய் படம் பார்த்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். விசைக்குக் கீழே வளையம் போல ஒரு நெம்புகோல் இருக்கும். அதை முன்னால் தள்ளினால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறிக்கும், சுத்தியல் பின்வாங்கும். இழுத்து மூடினால் புதுத் தோட்டா குழலுக்குள் ஏறிவிடும். 'கிளிக்-கிளாக்' என்று கேட்குமே, அதுதான்.

ஒரு குண்டு சுட்டுவிட்டு அடுத்ததை நிதானமாக அடைத்துக்கொண்டிருந்த காலத்தில் இது பெரிய புரட்சி. 1860 அக்டோபரில் பெஞ்சமின் டைலர் ஹென்றி காப்புரிமை வாங்கிய ஹென்றி ரைஃபிளில் 16 முறை தொடர்ந்து சுடலாம். மொத்தம் 14,000 அளவில்தான் அது தயாரானது. அதனால்தான் அசல் ஹென்றி ஒன்று இன்று பல பத்தாயிரம் டாலருக்குப் போகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கடைகளில் இன்று கிடைக்கும் 'ஹென்றி' ரைஃபிள்கள், 1996-ல் தொடங்கப்பட்ட வேறொரு கம்பெனியின் தயாரிப்பு. நல்ல துப்பாக்கிகள்தான். ஆனால் பெயரைத் தவிர பழைய ஹென்றிக்கும் இதற்கும் எந்த உறவும் கிடையாது. 'எங்க தாத்தாவோட ஹென்றி' என்று ஒருவர் சொன்னால், எந்த ஹென்றி என்பதுதான் முதல் கேள்வி.

முதல் வேலை: இது எந்த மாடல்?

அதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு. துப்பாக்கி காலியா என்று பார்ப்பது. லீவர் ஆக்‌ஷனில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே ஓடும் இன்னொரு குழாயில் வரிசையாக இருக்கும். வெளியே தெரியாது. 'அம்பது வருஷமா யாரும் தொடலை' என்று சொல்லப்பட்ட துப்பாக்கிக்குள் தோட்டா இருந்த கதைகள் உண்டு. பழக்கம் இல்லாதவர்கள் தாங்களே திறந்து பார்க்காமல், தெரிந்த ஒருவரிடம் கொடுப்பதுதான் சரி.

இனி மாடல். வின்செஸ்டர் கம்பெனி வரிசையாக வெளியிட்டவற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் உண்டு.

1866 மாடலின் நடுப்பகுதி, அதாவது இயந்திரம் உட்காரும் ரிசீவர், வெண்கல வகை உலோகம். மஞ்சளாக மின்னும். அதனால் 'யெல்லோ பாய்' என்றே பெயர். பக்கவாட்டில் தோட்டா போடும் சிறு கதவு வந்ததும் இதில்தான். ஹென்றியில் அந்தக் கதவு கிடையாது, குழாயின் முன்பக்கம் வழியாகத்தான் நிரப்ப வேண்டும்.

1873 மாடலில் ரிசீவர் இரும்பானது. மேலே நகரும் தூசித் தகடு ஒன்று இருக்கும். பக்கத்தில் தனியாக ஒரு மூடித் தகடு இருக்கும். இந்த இரண்டையும் பார்த்தாலே போதும். 7 லட்சத்துக்கும் மேல் தயாரான மாடல் இது. 1876 மாடல், அதையே ஊதிப் பெரிதாக்கியது போல இருக்கும். கனடாவின் வடமேற்கு குதிரைப் போலீஸ் பயன்படுத்தியது இதைத்தான்.

1886-ல் ஜான் பிரௌனிங் என்ற மேதை உள்ளே வருகிறார். அவருடைய வடிவமைப்பில் பெரிய தோட்டாக்களைத் தாங்கும் 1886, அதைச் சின்னதாக்கிய 1892, பிறகு உலகமே அறிந்த 1894. மூன்றிலும் மூடித் தகடு, தூசித் தகடு எதுவும் இல்லை. ரிசீவர் வழவழவென்று ஒரே கட்டியாக இருக்கும். 1894 மாடலில் மட்டும் லீவரைத் திறந்தால் ரிசீவரின் அடித்தகடும் சேர்ந்து கீழே இறங்கும். அதை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 70 லட்சத்துக்கும் மேல் தயாரான துப்பாக்கி அது.

1895 மாடல் இந்தக் குடும்பத்தில் ஒட்டாத பிள்ளை. குழலுக்குக் கீழே குழாய் இல்லை. விசைக்கு முன்னால் பெட்டி போன்ற மேகசின் துருத்திக்கொண்டு நிற்கும். காரணம் எளிது. குழாயில் தோட்டாக்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கும்போது, பின்னால் இருப்பதன் முனை முன்னால் இருப்பதன் வெடிமருந்துப் பொட்டின் மேல் இடிக்கும். கூர்முனைத் தோட்டா என்றால் ஆபத்து. பெட்டியில் அந்தப் பிரச்னை கிடையாது. முதல் உலகப் போரில் ரஷ்ய ஜார் அரசு கிட்டத்தட்ட 3 லட்சம் துப்பாக்கிகளை வாங்கிய மாடலும் இதுவே. அவற்றின் ரிசீவர் மேலே, தோட்டாக் கிளிப்பைச் செருகுவதற்கான இரண்டு நிமிர்ந்த வழிகாட்டிகள் இருக்கும். அதைப் பார்த்தால் 'ரஷ்யா போய் வந்தது' என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

வின்செஸ்டருக்கு வெளியே இரண்டு பெயர்கள் முக்கியம். மார்லின் ரைஃபிளில் 1889 முதல் காலிக் கூடு மேலே தெறிக்காமல் பக்கவாட்டில் போகும், ரிசீவரின் தலை மூடியிருக்கும். சாவேஜ் 99-ல் வெளியே சுத்தியலே தெரியாது. உள்ளே தோட்டாக்கள் ராட்டினம் போலச் சுழலும் ஒரு உருளையில் உட்கார்ந்திருக்கும்.

துப்பாக்கியில் இருக்கும் வருஷம், செய்த வருஷமா?

அதிகம் பேர் ஏமாறும் இடம் இதுதான். துப்பாக்கி மேல் 'மாடல் 1894' என்று இருந்தால் அது 1894-ல் செய்தது அல்ல. அது மாடலின் பெயர், அவ்வளவுதான். 1910-ல் செய்ததிலும் அதே எழுத்துதான் இருக்கும்.

குழல் மேல் இருக்கும் காப்புரிமைத் தேதியும் அப்படியே. 1873 மாடல் குழல்களில் 1860 அக்டோபர், 1866 மார்ச் என்று தேதிகள் பொறித்திருக்கும். 'இது உள்நாட்டுப் போர் காலத்து துப்பாக்கி, தேதியைப் பாருங்க' என்று விற்பவர்கள் காட்டுவது இதைத்தான். காப்புரிமை எப்போது கிடைத்தது என்பதைத்தான் அந்தத் தேதி சொல்கிறது. துப்பாக்கி எப்போது பிறந்தது என்பதை அல்ல.

வயதுக்கு நம்பக்கூடிய முதல் ஆதாரம் வரிசை எண். 1866, 1873, 1876, 1886 மாடல்களில் அது லீவருக்கு அடியில், விசைக்குப் பின்னால் ஓடும் கீழ்ப் பட்டையில் இருக்கும். 1892, 1894 மாடல்களில் ரிசீவரின் அடியில் முன்பக்கம் இருக்கும். 1894 மாடலுக்கு மனசில் வைத்துக்கொள்ள சில மைல்கற்கள் உண்டு. 10 லட்சமாவது துப்பாக்கி 1927-ல் அதிபர் கூலிட்ஜுக்குப் பரிசாகப் போனது. 20 லட்சமாவது 1953-ல் அதிபர் ஐசனோவருக்கு. உங்கள் எண் 15 லட்சத்தைத் தாண்டியிருந்தால் 'கௌபாய் காலம்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

சரி, எண்ணை வைத்து வருஷம் சொல்லும் பட்டியல் இருக்கிறதே, பார்த்தால் முடிந்ததா? அங்கேயும் ஒரு சிக்கல். சுற்றில் இரண்டு விதமான பட்டியல்கள் உள்ளன. ஒன்று, வின்செஸ்டர் பற்றி விரிவாக எழுதிய ஜார்ஜ் மேடிஸ் என்ற ஆய்வாளரின் புத்தகம் வழியாகப் பரவியது. இன்னொன்று, எண் பொறிக்கப்பட்ட நேரத்தில் தொழிற்சாலையின் பாலிஷ் பிரிவில் எழுதி வைத்த பதிவேடு. சில மாடல்களில் இரண்டும் ஒத்துப்போவதில்லை. வருஷக்கணக்கில்கூட வித்தியாசம் வருகிறது. அசல் பதிவேடு கையில் இருக்கும்போது புத்தகப் பட்டியலை நம்புவதில் அர்த்தம் இல்லை என்பதுதான் இன்று பெரும்பாலான சேகரிப்பாளர்களின் நிலைப்பாடு. ஆனாலும் பழைய பட்டியல் இன்னும் இணையம் முழுக்கச் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது.

ஒரு வருஷம் முன்னே பின்னே இருந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். 1898 விஷயத்தில் உண்மையிலேயே முழுகும். அமெரிக்காவின் 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, 1898 அல்லது அதற்கு முன் தயாரானவை 'பழம்பொருள்'. உரிமம் பெற்ற வியாபாரி வழியாகத்தான் மாநிலம் தாண்டி விற்க வேண்டும் என்பது போன்ற கூட்டாட்சி விதிகள் அவற்றுக்குப் பொருந்தாது. மாநிலச் சட்டங்கள் தனி. 1898 டிசம்பரில் செய்த 1894 மாடலும், 1899 ஜனவரியில் செய்த 1894 மாடலும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். சட்டத்தின் கண்ணில் வேறு வேறு. அதனாலேயே முந்தையதற்குக் கூடுதல் விலை.

கோடி நகரத்துக் கடிதம்

பேரேட்டில் உள்ளதை அப்படியே எடுத்து எழுதி, கட்டணம் வாங்கிக்கொண்டு கடிதமாகக் கொடுக்கிறது கோடி நகர அருங்காட்சியகம். சேகரிப்பாளர்கள் மத்தியில் இதற்கு 'ஃபேக்டரி லெட்டர்' என்று பெயர். ரைஃபிளா கார்பைனா, என்ன அளவுத் தோட்டா, குழல் உருண்டையா எண்கோணமா, சிறப்பு விசை உண்டா, கிடங்கிலிருந்து என்று வெளியே போனது என்பதெல்லாம் அதில் வரும்.

இந்தக் கடிதம் ஏன் இவ்வளவு முக்கியம்? அந்தக் காலத்தில் வின்செஸ்டரிடம் கேட்டால் விருப்பம் போலச் செய்து கொடுப்பார்கள். பாதி எண்கோணம் பாதி உருண்டையான குழல், அரை நீள மேகசின், நுணுக்கமான கோடு வெட்டிய வால்நட் கட்டை, கழற்றி இரண்டாக்கும் வசதி என்று பல. இப்படிப்பட்ட சிறப்பு அம்சங்கள் விலையைப் பல மடங்கு ஏற்றும். பல மடங்கு ஏறும் என்றால், பிற்காலத்தில் யாரோ பட்டறையில் வைத்து 'சிறப்பு' சேர்ப்பதும் நடக்கும். பேரேட்டில் 'உருண்டைக் குழல்' என்று இருந்து, கையில் இருப்பது எண்கோணம் என்றால் கதை கந்தல்.

ஆனால் கடிதம் எல்லாவற்றுக்கும் கிடைக்காது. 1894 மாடலில் 353,999 வரையான எண்களுக்கு மட்டுமே பதிவேடுகள் எஞ்சியிருக்கின்றன. அதற்குப் பிறகு வந்தவற்றுக்கு, துப்பாக்கி மேலேயே இருக்கும் முத்திரைகள்தான் துணை.

அதில் உதவியானது, முட்டை வடிவ வட்டத்துக்குள் 'டபிள்யூ' எழுத்தும் 'பி' எழுத்தும் பின்னிய சோதனை முத்திரை. 1905 வாக்கில் பழக்கத்துக்கு வந்தது. 1890-களின் எண் கொண்ட துப்பாக்கியின் குழலில் இந்த முத்திரை இருந்தால், குழல் பின்னால் மாற்றப்பட்டிருக்கலாம். இது மோசடி என்று உடனே முடிவு கட்டத் தேவையில்லை. தேய்ந்த குழலை மாற்றித் தரச்சொல்லி தொழிற்சாலைக்கே அனுப்பியவர்களும் அந்தக் காலத்தில் இருந்தார்கள்.

1964-ல் என்ன நடந்தது?

வின்செஸ்டர் பிரியர்கள் 'ப்ரீ-64' என்று சொல்லும்போது குரலில் ஒரு மரியாதை தெரியும். 1964-ல் செலவைக் குறைக்க கம்பெனி தயாரிப்பு முறையை மாற்றியது. இரும்புக் கட்டியைக் கடைந்து செய்த பாகங்களுக்குப் பதில் தகட்டில் அழுத்தி வெட்டிய பாகங்கள் வந்தன. ரிசீவர் உலோகமே மாறியது. வாடிக்கையாளர்கள் கோபப்பட்டார்கள். கம்பெனி பின்னாளில் தரத்தை உயர்த்தியது என்றாலும் பெயர் போனது போனதுதான்.

1894 மாடலில் இந்தப் பிரிவுக்கோடு எண் 2,700,000-ஐ ஒட்டி வருகிறது. எண்ணைப் பார்க்காமலேயே கண்டுபிடிக்க இன்னொரு வழியும் உண்டு. லீவரைத் திறந்து, தோட்டாவைத் தூக்கிவிடும் உள்பாகத்தைப் பாருங்கள். கனமாகக் கடைந்தது என்றால் பழையது. மெல்லிய தகட்டை மடித்தது என்றால் புதியது. 1964-க்குப் பிறகு வந்த ரிசீவர்களில் வழக்கமான முறையில் நீலம் ஏற்றினால் பிடிக்காது. மறுபடி நீலமேற்றப் போனவர்கள் திட்டுத்திட்டாக நிறம் மாறிய துப்பாக்கியோடு திரும்பி வந்ததுண்டு.

மார்லினில் கணக்கு விநோதமானது. 1973 முதல் வந்தவற்றில், வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களை 100-லிருந்து கழிக்க வேண்டும். 27 என்று தொடங்கினால் 73, அதாவது 1973. குழலின் அடிப்பக்கம் 'ஜே.எம்' முத்திரை இருந்தால் பழைய மார்லின் தொழிற்சாலை. 2007-ல் ரெமிங்டன் அந்தக் கம்பெனியை வாங்கிய பிறகு வந்த ஆரம்ப காலத் துப்பாக்கிகளின் தரம் பற்றி நிறைய முணுமுணுப்பு. அதனால் 'ஜே.எம்' எழுத்துக்கே தனி விலை. 2020-ல் ரெமிங்டன் திவாலானபோது மார்லின் பெயரை ரூகர் கம்பெனி வாங்கியது.

இத்தாலிக்காரர்கள் வேலையைச் சுலபமாக்கியிருக்கிறார்கள். 1866, 1873 மாடல்களை அச்சு அசலாக நகல் செய்து விற்கும் உபர்ட்டி போன்ற கம்பெனிகளின் துப்பாக்கிகளில், அந்நாட்டு அரசு சோதனை முத்திரையோடு ஒரு சின்னக் கட்டத்துக்குள் இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். 'ஏஏ' என்றால் 1975. அங்கிருந்து வரிசையாக எண்ணிக்கொண்டு போகலாம். பரணில் கிடைத்த 'யெல்லோ பாய்' துப்பாக்கியில் இப்படி ஒரு கட்டம் தெரிந்தால், கனவைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ள வேண்டியதுதான். 1892 மாடலுக்கு ஸ்பெயினில் 'எல் டிக்ரே' என்ற பெயரில் வந்த நகலும், பிரேசிலில் ரோஸி செய்த நகலும் உண்டு. ஜப்பானின் மிரோகு தொழிற்சாலை செய்வது வின்செஸ்டர் பெயரிலேயே வருகிறது. நியூ ஹேவனில் இருந்த பழைய ஆலை 2006-ல் மூடப்பட்டுவிட்டது.

விலையைத் தீர்மானிப்பது எது?

மாடலும் வயதும் தெரிந்துவிட்டது. இனி பணம். வயது கூடினால் விலை கூடும் என்று நினைப்பது தப்பு. முதலில் பார்ப்பது நிலைமை. குறிப்பாக, தொழிற்சாலையில் ஏற்றிய நீல நிறம் எத்தனை சதவீதம் மிச்சம் இருக்கிறது என்பது. 90 சதவீதம் நீலம் இருக்கும் 1886 மாடலும், 10 சதவீதம் இருக்கும் அதே மாடலும் விலையில் பக்கத்தில்கூட நிற்காது. 1886 மாடலின் ஆரம்ப ரிசீவர்களில் நீலத்துக்குப் பதில், சூட்டில் கடினமாக்கும்போது வரும் மயில் கழுத்து வண்ணங்கள் இருக்கும். வெளிச்சம் பட்டாலே மெல்ல மங்கும் நிறம் அது. அது அப்படியே இருக்கும் துப்பாக்கி கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இங்கேதான் பெரும்பாலான குடும்பங்கள் கோட்டை விடுகின்றன. அப்பா வைத்துவிட்டுப் போன துப்பாக்கி, கறுத்துப் போயிருக்கிறது, விற்கும் முன் கொஞ்சம் அழகாக்கலாம் என்று உப்புத்தாளும் கம்பிப் பஞ்சும் எடுக்கிறார்கள். சிலர் பட்டறையில் கொடுத்துப் புது நீலமே ஏற்றிவிடுகிறார்கள். மரக்கட்டையைத் தேய்த்து வார்னிஷ் அடிக்கிறார்கள். வீட்டுப் பாத்திரம் என்றால் சரி. சேகரிப்பாளருக்கு அது மூஞ்சியில் சுண்ணாம்பு அடித்த கோயில் சிற்பம். நூறு வருஷம் மனிதக் கை பட்டு வந்த பழுப்பு நிறத்தை மறுபடி உண்டாக்க முடியாது. போச்சு என்றால் போச்சு. லேசாக எண்ணெய் தொட்ட துணியால் துடைத்து வைப்பதைத் தாண்டி எதையும் செய்யாமல் இருப்பதே நல்லது.

தேய்த்ததை நிபுணர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? எண்கோணக் குழலின் விளிம்புகள் கத்தி போல இருக்க வேண்டும். மழுங்கியிருந்தால் தேய்த்திருக்கிறார்கள். திருகு ஓட்டையைச் சுற்றி இரும்பு குழி விழுந்திருந்தால் பாலிஷ் சக்கரம் பட்டிருக்கிறது. எழுத்துகளின் ஓரம் கரைந்திருந்தாலும் அப்படியே. மரமும் இரும்பும் சேரும் இடம் இன்னும் நம்பகமானது. தொழிற்சாலையில் மரத்தை இரும்பைவிட ஒரு மயிரிழை உயரமாகத்தான் விடுவார்கள். விரலால் தடவினால் தெரியும். மரம் இரும்புக்குக் கீழே இறங்கியிருந்தால் உப்புத்தாள் பட்டிருக்கிறது என்று அர்த்தம். திருகுத் தலைகள் சிதைந்திருந்தால், யாரோ பொருந்தாத திருப்புளியோடு உள்ளே நுழைந்திருக்கிறார்கள்.

அடுத்தது அரிது என்ற விஷயம். இதில் ஒரு சினிமாக் கதை உண்டு. 1870-களில், மிகத் துல்லியமாகச் சுடும் குழல்களைத் தேர்ந்தெடுத்து, 'ஆயிரத்தில் ஒன்று' என்று பொறித்து 1873 மாடலை வின்செஸ்டர் கம்பெனி கூடுதல் விலைக்கு விற்றது. 130-க்குச் சற்று மேல்தான் செய்தார்கள். பிறகு எல்லோரும் மறந்துவிட்டார்கள். 1950-ல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் நடித்த 'வின்செஸ்டர் 73' படம் வந்தபோது, விளம்பரத்துக்காக யுனிவர்சல் ஸ்டூடியோ 'உங்களிடம் ஆயிரத்தில் ஒன்று இருக்கிறதா?' என்று நாடு முழுக்கத் தேடல் நடத்தியது. பரண்களிலிருந்து சில வெளியே வந்தன. பழைய வின்செஸ்டர்களைச் சேகரிக்கும் மோகம் பெரிதாகப் பரவியதில் இந்த விளம்பரத்துக்கும் ஒரு பங்கு உண்டு. இன்று 'ஆயிரத்தில் ஒன்று' எழுத்துள்ள துப்பாக்கி விற்பனைக்கு வந்தால், முதலில் எழும் கேள்வி 'கோடி கடிதம் எங்கே?' என்பதுதான். எழுத்தைப் பொறிக்க யாராலும் முடியும். பேரேட்டில் போய் எழுத முடியாது.

மூன்றாவது, யாருடையது என்ற வரலாறு. அப்பாச்சி தலைவர் ஜெரோனிமோவைத் தேடிப் போன படையின் தளபதி ஹென்றி லாட்டனுக்குப் பரிசளிக்கப்பட்ட 1886 மாடல், வரிசை எண் 1. 2016-ல் ராக் ஐலண்ட் ஏலத்தில் அது 12 லட்சத்து 65 ஆயிரம் டாலருக்குப் போனது. எண் 1 என்பதும், லாட்டன் என்பதும், காகித ஆதாரம் இருந்ததும் சேர்ந்து வந்த விலை அது. காகிதம் இல்லாமல் 'இது ஒரு பிரபல கொள்ளைக்காரனோட துப்பாக்கியாம்' என்ற வாய்க்கதைக்கு ஏலக்காரர் ஒரு டாலர்கூட சேர்க்க மாட்டார். டெக்சாஸ் ரேஞ்சர், கனடா போலீஸ் என்ற முத்திரைகளும் அப்படித்தான். அசலைவிடப் போலிகள் அதிகம் சுற்றும் வகை அது.

இதற்கு நேர்மாறான உதாரணம் நினைவுப் பதிப்புகள். 1966-ல் நூற்றாண்டு, 1968-ல் பஃபலோ பில் என்று வின்செஸ்டர் வெளியிட்டபோது 'முதலீடு' என்று நினைத்து வாங்கி வைத்தவர்கள் ஏராளம். ஒவ்வொன்றும் ஒரு லட்சத்துக்கும் மேல் தயாரானது. எல்லோரும் பத்திரமாக வைத்த பொருள் எப்படி அரிதாகும்? அசல் பெட்டி, காகிதங்களோடு ஒருமுறைகூட சுடாமல் இருந்தால்தான் சொல்லிக்கொள்ளும்படி ஏதாவது கிடைக்கும். ஒரு முறை வேட்டைக்குக் கொண்டு போயிருந்தால், அது வெறும் இன்னொரு 94.

சாதாரணமாகப் பயன்படுத்தப்பட்ட, 1964-க்குப் பிந்தைய 94 ஒன்றுக்குச் சில நூறு முதல் ஆயிரம் டாலர் சொச்சம் வரை எதிர்பார்க்கலாம். அதே மாடலின் நல்ல நிலையில் உள்ள ப்ரீ-64 அதற்கு மேல். முதலாம் உலகப் போருக்கு முந்தைய, நிறம் கலையாத ஒன்று இன்னும் மேல். துல்லியமான எண் வேண்டுமென்றால், விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காமல், ஏல நிறுவனங்களின் தளங்களில் அதே மாடல், அதே நிலைமையில் உண்மையில் விற்று முடிந்த விலையைப் பார்க்க வேண்டும். கேட்கும் விலை என்பது ஆசை மட்டுமே.

சுட்டுப் பார்க்கலாமா என்றால், பழைய 1873-களில் வேண்டவே வேண்டாம். கரும்பொடி வெடிமருந்தின் அழுத்தத்துக்காகச் செய்த இயந்திரம் அது. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று இன்றைய வேகத் தோட்டாவைப் போட்டால், துப்பாக்கியோடு சேர்த்து முகமும் போகலாம்.

தமிழ்நாட்டுக் காடுகளில் ஒரு 1895

இந்தத் துப்பாக்கிகளுக்கும் நம்ம ஊருக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பெங்களூருவில் வாழ்ந்து, சேலம், தருமபுரி, ஓசூர் பக்கத்துக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளையும் சிறுத்தைகளையும் வேட்டையாடி, அந்த அனுபவங்களைப் புத்தகங்களாக எழுதிய கென்னத் ஆண்டர்சன் கையில் இருந்தது .405 தோட்டா போடும் வின்செஸ்டர் 1895. 1909-ல் ஆப்பிரிக்க வேட்டைக்குப் போன தியோடர் ரூஸ்வெல்ட் எடுத்துச் சென்றதும் அதே ரகம்தான். 1904-ல் வந்த அந்தத் தோட்டாவின் பெயர் குழலிலேயே பொறித்திருக்கும். அதனால் .405 என்று இருக்கும் அசல் 1895 எதுவும் 1904-க்கு முந்தையதாக இருக்க முடியாது. தோட்டாவின் பெயரே வயது சொல்லும் இடங்களில் இதுவும் ஒன்று.

இந்தியாவில் இப்படி ஒன்று பரம்பரையாக வந்தால் என்ன செய்வது? அமெரிக்காவின் 1898 விதி இங்கே செல்லாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு பழம்பொருள் ஆயுதங்களுக்கு விலக்கு தருவது உண்மை. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாது என்ற நிலையில் இருந்தால்தான் அந்த விலக்கு. நூறு வயதான வின்செஸ்டர் இன்னும் 'கிளிக்-கிளாக்' என்று இயங்கினால், அது உரிமம் தேவைப்படும் துப்பாக்கிதான். ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய எண்ணிக்கையும் 2019 திருத்தத்தில் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது.

உரிமம் வைத்திருந்தவர் இறந்துவிட்டால், வாரிசுகள் தாமதிக்காமல் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, பிறகு தங்கள் பெயரில் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். நூறு வயதைக் கடந்த பொருளாக இருந்தால், தொல்பொருள் சட்டம் குறுக்கே வரும் என்பதால் வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்பும் யோசனையும் அவ்வளவு சுலபமல்ல. ஒப்படைப்பதற்கு முன் மாடல் பெயர், வரிசை எண், குழல் எழுத்துகள், முத்திரைகள் ஆகியவற்றை உரிமப் புத்தகத்தோடு ஒப்பிட்டு, தெளிவாகப் படம் எடுத்து வைத்துக்கொள்வது அவசியம். ஆயுதக் கிடங்கில் அது எத்தனை மாதம் இருக்க வேண்டி வந்தாலும், எது உங்களுடையது என்று காட்ட அந்தப் படமும் ரசீதும்தான் கையில் இருக்கும்.